தொண்ணூறு அட்டை

அக்கா எதையும் முதலில் சொல்லிவிடுவார், பிறகுதான் செய்வார். மெதுவாகவும் சொல்ல மாட்டார். நான்கு வழிச் சாலையில் லாரிகள் இரைந்துகொண்டு போகும்போது, எதிர்ப்புறப் பஞ்சர் கடைவரைக்கும் கேட்கும்படி சொல்வார்.

நான் அவரை முதலில் பார்த்த அன்றும் அப்படித்தான். நாமக்கல் புறவழிச் சாலையில் ஒரு வீல் அலைன்மென்ட் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மெக்கானிக்கல் படித்தவள் என்பதால் முதலாளி என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்திருந்தார். கரும்பச்சை நிறத்தில் நீளமான கார் ஒன்று உள்ளே வந்தது. முன்பாதி எல்லாக் கார்களையும் போலத்தான். பின்பாதியில் கூரை சரியாமல் அப்படியே நீண்டு ஒரு பெட்டி போல முடியும். வேகன் என்பார்கள். நம் பக்கம் அபூர்வம். அதிலிருந்து பருத்திச் சேலை கட்டிய, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இறங்கினார். காலில் ஓட்டக்காரர்கள் போடுகிற ஷூ. பக்கத்து டீக்கடையைப் பார்த்து, "ஒரு டீ. டம்ளர் தளும்பத் தளும்ப" என்றார். வந்த டீயைக் குடிக்கவில்லை. பானெட்டைத் திறந்து, என்ஜின் மூடியின் நடுவில் டம்ளரை வைத்தார்.

"என்ஜினத் தாங்கற மவுண்ட்டு புதுசு மாத்தியிருக்குது. ஸ்டார்ட் பண்ணினா ஒரு சொட்டுச் சிந்தாது. எல்லாரும் வந்து பாருங்க."

கடையில் இருந்த ஆறு பேரும் போய் நின்றோம். என்னைப் பார்த்து, "அம்மிணி, சாவியத் திருகு" என்றார். திருகினேன். வண்டி உறுமியது. டம்ளர் நடுங்கி நடுங்கிக் கால்வாசி டீ மூடியில் வழிந்தது.

"காவாசி போயிருச்சு" என்று அதே குரலில் எல்லோருக்கும் அறிவித்தார். "மவுண்ட்டு சரியில்லை. கழட்டிப்போட்டு அடுத்த வாரம் வாரேன்."

அடுத்த வாரம் வந்தார். அதே டீக்கடை, அதே டம்ளர். அன்று சிந்தவில்லை. ஆறிப்போன டீயை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

எனக்குப் பட்டியல் போடுகிற பழக்கம் உண்டு. கடைக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் நோட்டில் ஒரு பக்கம். அக்காவின் பக்கத்தில் அன்று எழுதியது இது: வேகன், டர்போ பெட்ரோல். மாற்றியவை: என்ஜின் மேப், சைலன்சர், முன் பிரேக், மவுண்ட் இரண்டு முறை. உரிமையாளருக்குப் புதுச்சத்திரம் பக்கம் கோழிப் பண்ணை, மூன்று ஷெட். குணம்: தோற்றால் அதையும் சத்தமாகச் சொல்கிறார்.

கடைசி வரி முழு உண்மை இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இவ்வளவு வேகமாகப் போகிற காரை வாங்குகிறவர், அதே கம்பெனியின் சாதாரணக் காரை வாங்கியிருக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கு ஓட்டமும் ஓணும், பாரமும் ஓணும்" என்றார். "லாரியில ஓட்டமில்லை. காருல பாரமில்லை. இது ஒண்ணுலதான் ரெண்டும் இருக்குது. வெறும் டிக்கிய வச்சுக்கிட்டு ஓட்டறதுன்னா எதுக்கு வேகன்?"

வெறும் டிக்கியோடு அவர் வண்டி எடுத்து நான் பார்த்ததே இல்லை. தீவன மூட்டை, ஜெனரேட்டர், சொந்தக்காரர் கல்யாணத்துக்கு இட்லிக் குண்டான்கள், வாஷிங் மெஷின், ஒருமுறை வாய்ப்பூட்டு போட்ட கன்றுக்குட்டி. எதுவுமே கிடைக்காத நாளில் தோட்டத்திலிருந்து இரண்டு பூசணிக்காயாவது எடுத்துப் பின்னால் வைத்துக்கொண்டு வருவார். கன்றுக்குட்டியோடு வந்த அன்று முதலாளி, "ஏனுங்க, இருநூறு குதிரை சக்தி வண்டியில ஒரு மாடா?" என்றார். "இருநூத்திப் பத்து" என்றார் அக்கா. "மாட்டையும் சேத்தாத்தான் கணக்கு வரும்."

ஞாயிறு காலைகளில் புதுச்சத்திரம் டீக்கடை ஒன்றின் முன்னால் வேகன்காரர்கள் கூடுவார்கள். சேலத்திலிருந்து கரூர்வரைக்கும் தேடினாலும் மொத்தம் பதினொரு வண்டிதான். மேட்டூர் அனல் மின் நிலையத்தில் வேலை செய்யும் ஒரு என்ஜினியர் வெள்ளை வேகனில் வருவார். அவர் வண்டியில் தூசி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஓமலூரிலிருந்து வருகிறவர் வண்டியில் நான்கு சைலன்சர் குழாய்கள்; அவற்றில் இரண்டு வெறும் அலங்காரம் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் பொதுவான துயரம் ஒன்று உண்டு. இந்த வண்டியைப் பார்க்கும் ஊர்க்காரர்கள் "ஆம்புலன்ஸுங்களா?" என்று கேட்பார்கள். மற்றவர்களின் முகம் சுருங்கும். அக்கா மட்டும், "ஆமாங்க, ஏறிப் படுங்க, எங்க போகோணும்?" என்பார்.

அந்தக் கூட்டத்தில் அதிகம் பேசப்பட்ட வண்டி திருச்செங்கோட்டுக்காரர் ஒருவருடையது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் வைத்திருந்ததால் எல்லோருக்கும் அவர் ரிக்காரர். கறுப்பு வேகன். ஸ்பிரிங்கை மாற்றி, தரையோடு தரையாக இறக்கியிருந்தார். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் ஒரு விரல் போகாது. நிறுத்தி வைத்திருக்கும்போது பார்க்க அவ்வளவு அழகு. டீக்கடை முன்னாலிருந்த வேகத்தடையை மட்டும் அவர் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து கடப்பார்.

"ஏறிக் குதிச்சு வாங்க, பயப்படாம" என்பார் அக்கா.

"உங்க வண்டி முட்டை வண்டிங்கக்கா. என்னது சிங்கம்."

"சிங்கம் எதுக்கு வேகத்தடையப் பாத்து நடுங்குது?"

முட்டை வண்டி என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. சஸ்பென்ஷனைச் சோதிக்க அந்தக் கூட்டம் வைத்திருந்த முறை உலகத்தில் வேறெங்கும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். டிக்கியில் முட்டை அட்டைகளை அடுக்கி, ஒரு சுற்றுப் போய்விட்டு வர வேண்டும். ஓர் அட்டைக்கு முப்பது முட்டை. திரும்பி வந்ததும் எல்லோரும் சேர்ந்து அட்டைகளைத் தூக்கிப் பார்ப்பார்கள். விரிசல் கண்ணுக்குத் தெரிந்தால் உடைந்த கணக்கு. உடைந்ததெல்லாம் டீக்கடைக் கல்லுக்குப் போகும். யார் வண்டியில் உடைந்ததோ அவரே தட்டெடுத்து மற்றவர்களுக்கு ஆம்லெட் பரிமாற வேண்டும். இந்த முறையைக் கொண்டுவந்தவர் அக்கா. முட்டையும் அவர் பண்ணையிலிருந்துதான் வரும்.

வண்டியைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் அவர் கலங்க மாட்டார். கியர் மாறும்போது தட்டுகிறது என்று அவரே எல்லோரிடமும் சொல்லித் திரிவார். முட்டையைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் சொல்லிவிடக் கூடாது. டீக்கடைக்காரர் ஒருநாள் ஆம்லெட் போடும்போது, "மஞ்சக் கரு கொஞ்சம் வெளுப்பா இருக்குதுங்கக்கா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அடுத்த மூன்று ஞாயிறும் அக்கா அங்கே டீ குடிக்கவில்லை. வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரிலேயே ஊற்றிக் குடித்தார்.

எனக்கு அந்த நாட்களில் ஒரே ஓர் ஆசை இருந்தது. எங்கள் கடையில் இரண்டு லிஃப்ட். முதலாவதில் அலைன்மென்ட். இரண்டாவதில் வண்டியைத் தூக்கி நிறுத்தி ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாற்றுவார்கள். நான் படித்தது அந்த வேலைக்குத்தான். முதலாளி மோசமானவர் இல்லை. "புள்ள ஏசியில உக்காந்து கம்ப்யூட்டர் பாக்கட்டும், அழுக்கு எதுக்கு" என்பார். எட்டு மாதமாக நான் திரையில் பச்சை, சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது லிஃப்டின் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

அக்கா புது ஷாக் அப்சார்பர் நான்கு வாங்கினார். திருகுகிற வகை. அடியில் ஒரு குமிழ் இருக்கும். ஒவ்வொரு கிளிக்குக்கும் கடினமோ மென்மையோ மாறும். அதை எத்தனை கிளிக்கில் வைப்பது என்பதுதான் வேலையே. "இந்தப் புள்ளதான் பண்ணோணும்" என்று கடைக்கு வந்து சொன்னார். முதலாளி சிரித்து மழுப்பினார். "உங்க லிஃப்ட்டு ஓணாம், நீங்களே வச்சுக்கங்க. எங்க ஊட்டுல லாரிக் குழி இருக்குது" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "சனிக்கிழமை மத்தியானம் வந்துரு சாமி" என்றார்.

ஆறு சனிக்கிழமைகள் போனேன். தீவன லாரிகளுக்காக வெட்டிய குழிக்குள் இறங்கி நின்று குமிழைத் திருகுவேன். தொண்ணூறு அட்டை அடுக்குவோம். அகலத்தில் மூன்று, நீளத்தில் மூன்று, உயரத்தில் பத்து. நூற்றைம்பது கிலோவுக்குச் சற்று மேல் வரும். கைப்பேசியை டிக்கியின் தரையில் ஒட்டி, குலுக்கலை அளக்கும் செயலியை ஓட விடுவேன். அக்கா தீவனம் அரைக்கும் ஃபீட் மில் வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்புவார். எட்டு கிலோமீட்டர், பதினொரு வேகத்தடை. நோட்டில் ஏழு கட்டங்கள்: தேதி, அட்டை, முன் கிளிக், பின் கிளிக், டயர் காற்று, கைப்பேசி அளவு, உடைந்தது.

மார்ச் மாதச் சனிக்கிழமை ஒன்றில் பின்பக்கம் பதினான்கு கிளிக் வைத்தேன். கைப்பேசி அளவு அதுவரை பார்த்ததிலேயே மிகக் குறைவு. சரியான இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். டிக்கியைத் திறந்தால் பதினொரு முட்டை உடைந்திருந்தது. அக்கா ஒன்றும் சொல்லாமல் அட்டைகளை எடுத்து வைத்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததே விசேஷம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அடுத்த வாரம் எட்டு கிளிக். ஒன்றும் உடையவில்லை. எட்டு என்று முடிவுசெய்தேன். பதினான்கின் வரிசைக்கு எதிரே "கருவியில் கோளாறு" என்று எழுதினேன்.

அந்த ஞாயிறே அக்கா டீக்கடை முன்னால் பின்கதவைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

"தொண்ணூறு அட்டை. ஒண்ணு ஒடையலை. இந்த அம்மிணி வச்ச கிளிக்கு. உங்க வண்டியெல்லாம் இனிமே இதுகிட்டத்தான் வரோணும்."

ரிக்காரர் டீயைக் கீழே வைத்தார். "ஏனுங்கக்கா, உங்க முட்டை, உங்க குழி, உங்க புள்ள. எண்ணுனதும் நீங்களே. இதுல என்னங்க இருக்குது? எங்க மச்சான் பண்ணையில தொண்ணூறு அட்டை எடுத்தாரேன். அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரு முன்னாலயும் ஏத்துங்க. பதினஞ்சு நிமிசத்துல போயிட்டு வந்தரோணும். ஊர்ந்து போறதெல்லாம் ஆகாது."

"எடுத்துட்டு வா. ஒண்ணும் ஒடையாது."

"ஒடைஞ்சா?"

"நீயே சொல்லு."

அவர் யோசித்தார். "ஒரு மாசம் டிக்கியில ஒண்ணும் ஏத்தக் கூடாது. மூட்டை கூடாது, அட்டை கூடாது, பூசணிக்கா கூடாது. வெறும் வண்டி ஓட்டோணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. தூக்கி வைத்திருந்த பின்கதவை இழுத்துச் சாத்தினார்.

"சரி. ஒடையலைன்னா?"

"என் வண்டிய இந்த அம்மிணி கையில குடுத்தர்றேன். எத்தனை ஒசரம் தூக்கச் சொல்லுதோ அத்தனை தூக்கிக்கிறேன்."

திங்கட்கிழமை காலைக்குள் விஷயம் முதலாளிக்குப் போய்விட்டது. என்னைக் கூப்பிட்டார். "நானும் வாரேன் பாக்கறதுக்கு. ஒடையலைன்னா ரெண்டாவது லிஃப்ட்டு உனக்கு. ஒடைஞ்சுதுன்னா கம்ப்யூட்டர்தான். அப்பறம் அதப் பத்திப் பேசக் கூடாது." நான் சரியென்றேன். அந்த வாரம் முழுவதும் நோட்டின் ஏழு கட்டங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எட்டு கிளிக்கில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஏப்ரல் மாத ஞாயிறு. எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. பதினொரு வேகன்களும் வந்திருந்தன. முதலாளி தன் ஸ்கூட்டரை நிழலில் போட்டுவிட்டு ஓரமாக நின்றார். ரிக்காரர் ஒரு மினி லாரியில் முட்டையைக் கொண்டுவந்திருந்தார். ஏற்றுவதற்கு முன் எல்லோரும் பார்த்தார்கள். விரிசல் எதுவும் இல்லை. நல்ல பெரிய முட்டைகள்.

அக்கா ஓர் அட்டையிலிருந்து ஒரு முட்டையை எடுத்தார். உள்ளங்கையில் உருட்டினார். கட்டைவிரலால் ஓட்டை ஒருமுறை தடவினார். எனக்கு நேர் எதிரே நின்றிருந்ததால் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஏதோ ஒன்று நின்றுபோனது. பிறகு முட்டையை அதன் குழியிலேயே வைத்துவிட்டு, "ஏத்துங்க" என்றார்.

நான் நோட்டோடு பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டேன். மேட்டூர் என்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கையைக் காட்டினார். கிராமச் சாலையில் திரும்பியதும் முதல் வேகத்தடை. அக்கா அளவான வேகத்தில்தான் ஏறினார். பின்னாலிருந்து ஒரு சிறிய வெட்டு மேலே வந்தது. என் கணக்குப்படி அது முட்டை தாங்கக்கூடிய வெட்டுத்தான்.

"ரெண்டு போயிருச்சு" என்றார் அக்கா. "மூணு கூட இருக்கும்."

"எப்படித் தெரியுதுங்க?"

"காதுல கேக்குது." சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது கெழட்டுக் கோழி முட்டை. எழுவது வாரம் தாண்டுன கோழி. முட்டை பெருசாப் போடும், ஓடு காயிதமா இருக்கும். வெயில் காலத்துல இன்னும் மோசம்."

"ஏத்தும்போதே தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுது."

"அப்பச் சொல்லியிருக்கலாமுங்களே."

"நானு முட்டைன்னுதான் சொன்னேன். எந்தக் கோழின்னு சொன்னேனா?"

அடுத்த வேகத்தடை தொலைவில் தெரிந்தது. அக்கா வேகத்தைக் குறைத்தார். குறைத்தவர் அப்படியே ஓரம்கட்டி நிறுத்திவிட்டார். இரண்டு கைகளும் ஸ்டீரிங்கின் மேலேயே இருந்தன.

"அம்மிணி, மார்ச்சு மாசம் ஒருநாள் பதினொண்ணு ஒடைஞ்சுதே."

"ஆமாங்க. பதினாலு கிளிக்கு வச்ச அன்னைக்கு."

"அது கிளிக்கு இல்ல சாமி. அன்னைக்கு நல்ல முட்டையெல்லாம் காலையிலயே லோடு போயிருச்சு. மூணாவது ஷெட்டு முட்டையத்தான் ஏத்துனேன். அதுவும் இதே மாதிரிதான். ஓடே இல்லை." அவருடைய குரல் இவ்வளவு சன்னமாக இருக்கும் என்று நான் அறிந்திருக்கவில்லை. "என் பண்ணை முட்டைக்கு ஓடு இல்லீன்னு என் வாயால எப்படிச் சொல்றது? உன்கிட்டச் சொல்லலை."

நான் நோட்டைத் திறந்தேன். மார்ச் வரிசை. பதினான்கு கிளிக். கைப்பேசி அளவு எல்லாவற்றிலும் குறைவு. பதினொன்று. எதிரே என் கையெழுத்தில் "கருவியில் கோளாறு". கருவியில் ஒரு கோளாறும் இல்லை. எட்டு கிளிக்கில் உடையாமல் வந்ததற்குக் காரணம் கிளிக் இல்லை. இளங்கோழியின் தடித்த ஓடு. என் நோட்டில் ஏழு கட்டங்கள் இருந்தன. கோழியின் வயதுக்கு ஒரு கட்டம் இல்லை. அவர் சொல்லவில்லை என்பது உண்மை. நான் கேட்கவில்லை என்பதும் உண்மை.

"எத்தனை நிமிசம் ஆச்சுங்க?"

"ரெண்டு."

"அஞ்சுக்குள்ள கெளம்பிரலாம். என்ஜின நிறுத்தாதீங்க."

இறங்கிப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் படுத்தேன். தார் அப்போதே சுட்டது. குமிழ் கைக்கு எட்டியது. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி ஆறு கிளிக் திருகினேன். எழுந்து அந்தப் பக்கம் ஓடி அங்கும் ஆறு. எட்டு பதினான்கானது. ஏறி உட்கார்ந்தபோது சுடிதாரின் முதுகு முழுக்கப் புழுதி.

"இப்பப் போங்க. வேகத்தடையில ரொம்பக் கொறைக்க வேண்டாம்."

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஓட்டினார். இழந்த நேரத்தை ஈடுகட்ட வேண்டியிருந்தது. இரண்டாவது வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது; வெட்டு வரவில்லை. மென்மையாகத் தாழ்ந்து, ஒருமுறை எழுந்து, அடங்கியது. நான் அக்காவின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையை லேசாக ஆட்டினார். மூன்றாவது. நான்காவது. ஃபீட் மில் வாசலில் திரும்பும்போது, "ஒண்ணும் கேக்கலை" என்றார்.

பதினான்கு நிமிடம் ஐம்பது நொடி. என்ஜினியர் அதைச் சொன்னதும் எல்லோரும் டிக்கியைச் சூழ்ந்துகொண்டார்கள். அட்டைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. எழுபது அட்டைவரை ஒன்றும் இல்லை. எழுபத்திரண்டாவதில் ஒன்று. அதற்கடுத்ததில் ஒன்று. அடியிலிருந்த கடைசி அட்டையில் ஒன்று.

"மூணு" என்றார் ரிக்காரர். அவர் குரலில் வெற்றி இல்லை. குழப்பம்தான் இருந்தது. "மூணுதானுங்களா?"

"மூணு" என்றார் அக்கா, பஞ்சர் கடைக்குக் கேட்கும்படி. "தோத்துட்டேன். ஒண்ணு ஒடையாதுன்னு சொன்னேன், மூணு ஒடைஞ்சுது."

முதலாளி ஸ்கூட்டரின் பக்கம் நகரத் தொடங்கினார். நானும், சொன்னது சொன்னதுதான் என்று, மறுநாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார மனதைத் தயார்செய்துகொண்டிருந்தேன்.

"நில்லுங்க, யாரும் போகாதீங்க" என்றார் அக்கா. "இன்னொண்ணு சொல்லோணும். என் மூணாவது ஷெட்டு முட்டைக்கு ஓடு இல்லை. மார்ச்சு மாசத்துலிருந்தே இல்லை. அத இந்தப் புள்ளகிட்ட மறைச்சு அந்த முட்டையில கிளிக்கு வைக்கச் சொன்னேன். அதனால தப்பா வச்சுது. இன்னைக்கு வழியில சொன்னேன். ரோட்டுல படுத்து ரெண்டரை நிமிசத்துல மாத்துச்சு. மூணும் மாத்தறதுக்கு முன்னால ஒடைஞ்சது."

டீக்கடைக்காரர் கரண்டியைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். அக்கா அவரையும் பார்த்தார். "மஞ்சக் கருவும் வெளுப்புத்தான். தீவனம் மாத்தியிருக்கறேன்."

ரிக்காரர்தான் பிடரியைத் தடவிக்கொண்டு ஆரம்பித்தார்.

"அக்கா, நானும் ஒண்ணு சொல்லிர்றனுங்க. இதே பண்ணை முட்டை தொண்ணூறு அட்டைய வெள்ளிக்கிழமை என் வண்டியில ஏத்தி ஓட்டிப் பாத்தேன்."

"எத்தனை?"

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொண்ணா? ஆம்லெட்டு எங்க? எங்களுக்கு வரவேயில்லையே. நீயே தின்னுட்டியா?"

கூட்டம் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. ரிக்காரரும் சிரித்தார். பிறகு முதலாளியிடம் போனார். "பந்தயத்துல நான் செயிச்சுட்டனுங்க. இருந்தாலும் நாளைக்கு வண்டிய விடறேன். இந்த அம்மிணிதான் பண்ணோணும். வேற யாரும் கை வைக்கக் கூடாது."

"அத லிஃப்ட்டுல ஏத்தோணுமே" என்றார் முதலாளி. என் முதுகிலிருந்த புழுதியைப் பார்த்தார். "ஏத்தத் தெரியுமா உனக்கு?"

"தெரியுங்க" என்றேன்.

அவர் இடுப்பிலிருந்த கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்ற முயன்றார். வளையம் இறுக்கமாக இருந்தது. அக்கா வாங்கி, நகத்தால் நெம்பிக் கழற்றிக் கொடுத்தார். அதற்குள் கல்லில் மூன்று ஆம்லெட் தயாராகியிருந்தது. முறைப்படி அக்காவே தட்டெடுத்துப் பரிமாறினார். ஒன்று ரிக்காரருக்கு, ஒன்று முதலாளிக்கு, ஒன்று எனக்கு.

நான் நாமக்கல்லை விட்டு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது ஓசூரில் வண்டிகளைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் வேலை. சோதனைத் தாள்களை வடிவமைப்பது என் பொறுப்பு. எல்லாத் தாளிலும் முதல் கட்டம், ஏற்றிய பொருள் எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் ஆனது என்பது. மணல் மூட்டையை ஏற்றினாலும் அதை நிரப்பச் சொல்வேன். உடன் வேலை செய்கிறவர்கள் காரணம் கேட்டால், ஒரு முட்டைக்காரரிடம் கற்றது என்பேன். அவர்கள் அதற்கு மேல் கேட்டதில்லை.

பந்தயத்தின்படி அக்கா அந்த ஒரு மாதமும் வெறும் வண்டிதான் ஓட்டினார். கைப்பையைக்கூட முன் இருக்கையில் வைத்துக்கொண்டார். பாரம் இல்லாத பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. குமிழைத் திருகித் தரட்டுமா என்று கேட்டதற்கு, "ஓணாம், ஒரு மாசந்தானே, குதிச்சாக் குதிச்சுட்டுப் போகட்டும்" என்றார். ஆனால் ஞாயிறுதோறும் சரியான நேரத்துக்கு வந்தார். மற்றவர்கள் புதுச் சக்கரத்தையும் புது விளக்கையும் காட்டிக்கொண்டிருக்க, அவர் வண்டியை நடுவில் நிறுத்திப் பின்கதவை முழுதாகத் தூக்கினார்.

"வந்து பாருங்க எல்லாரும். ஒண்ணும் இல்லை. ஒரு துரும்பு இருந்தாச் சொல்லுங்க."

"போதுங்கக்கா, நம்பறனுங்க" என்றார் ரிக்காரர். அவருடைய கறுப்பு வேகன் அதற்குள் மூன்று விரல் உயரம் கூடியிருந்தது. டீக்கடை வேகத்தடையில் நேராகவே ஏறி வந்திருந்தார்.

"நம்பாதே. கைய விட்டுப் பாரு."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து குனிந்தார். டிக்கியின் விரிப்பு முழுவதையும், ஓரம்வரைக்கும், கையால் தடவிப் பார்த்தார்.